ஐயா கோடு

தலையை நன்றாக அலசிக்கொண்டு வாருங்கள், எதையும் தடவாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினாலும், பத்தில் எட்டுப் பேர் எதையாவது தடவிக்கொண்டுதான் வருவார்கள். எண்ணெய், கிரீம், முடி படிய வேண்டும் என்று விற்கிறார்களே அந்தப் பிசுபிசுப்பு. நீங்களும் அந்த எட்டில் ஒருவர்தான், காவல் ஆய்வாளர் அவர்களே. வாசனை மேசையின் இந்தப் பக்கம் வரை வருகிறது. குறையாகச் சொல்லவில்லை. உங்கள் தலையை யாரும் அளக்கப்போவதில்லை, நீங்கள் எதை வேண்டுமானாலும் தடவிக்கொள்ளலாம்.

எங்கள் அறையில் அது நடக்காது. எண்ணெய் இருந்தால் பேஸ்ட் ஒட்டாது. பேஸ்ட் ஒட்டாவிட்டால் தொப்பியில் இருக்கும் பொத்தான்கள் மண்டையை விட்டு மிதக்கும். மிதக்கிற பொத்தான் மூளையைக் கேட்காது, முடி அசைகிற சத்தத்தைக் கேட்கும். மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத அந்த மூளை அலைப் பதிவு அறைக்கு நான் பொறுப்பாளன். வருகிறவர்களை நாற்காலியில் சாய்த்து, தொப்பி மாட்டி, கண்ணை மூடச் சொல்லி, அலையைப் பதிவு செய்து, அறிக்கை எழுதி மேல்மாடிக்கு அனுப்புவேன். மேல்மாடி மருத்துவர்கள் என் அறிக்கையைப் பார்த்து மாத்திரை எழுதுவார்கள். அவர்களுக்கு அலையைப் படிக்க நேரமில்லை. கடைசி வரியைத்தான் படிப்பார்கள்.

என் மனைவியின் தம்பி அந்த நாற்காலியில்தான் இறந்தான். அது உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் எதையும் மறைக்கப்போவதில்லை. ஆனால் வரிசையாகத்தான் சொல்வேன், நடுவில் புகுந்து கேள்வி கேட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன். தட்டச்சு செய்பவருக்குத்தான் சிரமம்.

முதலில் அந்த எண்ணைப் பற்றி உங்களுக்குப் புரிய வேண்டும். தலையாட்டாதீர்கள், இன்னும் சொல்லவே இல்லை.

மூளையில் ஒரு செல் துடித்தால் பக்கத்துச் செல்லை உசுப்பும். உங்கள் அலுவலகத்தில் காலையில் ஒருவர் ஒரு கிசுகிசுவோடு வருகிறார் என்று வையுங்கள். கேட்டவர்களில் பாதிப் பேர் அதை யாரிடமும் சொல்லாமல் விழுங்கிவிட்டால், மதியச் சாப்பாட்டுக்குள் அது செத்துவிடும். கேட்ட ஒவ்வொருவரும் இரண்டு பேரிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் கட்டடம் முழுக்க அதே பேச்சு, ஒரு வேலையும் நடக்காது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது. ஒருவர் சராசரியாக ஒருவரிடம் மட்டும் சொன்னால், அது சாகவும் சாகாது, பற்றி எரியவும் செய்யாது. சில நாள் இரண்டு மேசை தாண்டி நின்றுவிடும், சில நாள் மூன்று மாடி ஏறி இறங்கும். நல்ல மூளை அந்த ‘ஒன்று’க்குப் பக்கத்தில்தான் எப்போதும் நிற்கிறது என்று எங்கள் துறையில் பலர் சொல்கிறார்கள். நன்றாகக் கீழே இறங்கினால் மயக்க மருந்து ஏற்றிய மூளை. மேலே போனால் வலிப்பு. இரண்டுக்கும் நடுவில் அந்த விளிம்பில் நின்றால்தான் மனிதனுக்கு யோசனை, நினைவு, கற்பனை எல்லாம் வரும் என்பது அவர்கள் வாதம்.

விளிம்பு என்கிற சொல்லே எனக்குப் பிடிக்காது. கிணற்று விளிம்பில் குழந்தை நின்றால் யாரும் ‘ஆகா, என்ன அழகாக நிற்கிறது’ என்று பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். இரண்டு அடி பின்னால் இழுத்து நிறுத்துவார்கள். நான் வாழ்நாள் முழுக்கச் செய்ததும் அதைத்தான்.

ஒன்று என்பது காகிதத்தில் சுலபம். இயந்திரம் மூளை முழுவதையும் கேட்பதில்லை, மண்டையோட்டுக்கு வெளியே நின்று ஒட்டுக் கேட்கிறது. அதனால் வருகிற எண்ணை அப்படியே நம்ப முடியாது. ஆரோக்கியமான தலை ஒன்றை அளந்து, அதைப் பச்சைக் கோடாகத் திரையில் வைத்துக்கொண்டு, வருகிறவர்கள் அந்தக் கோட்டுக்கு மேலா கீழா என்று பார்க்க வேண்டும். புது இயந்திரத்தோடு வந்த குறிப்பில், ஆரோக்கியமானவர்கள் முப்பது பேரை உட்காரவைத்துச் சராசரி எடுக்கச் சொல்லியிருந்தது. முப்பது பேருக்கு நான் எங்கே போவது? என் அறையில் வேலை செய்தவர்களிடமிருந்தே தொடங்கிப் பார்த்தேன். ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டும் பேசிக்கொண்டிருந்தாள். ஒருவன் முந்தின நாள் பார்த்த பந்தயத்தை நினைத்து உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தான், அலையிலேயே தெரிந்தது. இன்னொருவனுக்குக் காதல். இவர்களையெல்லாம் ஆரோக்கியம் என்று கணக்கில் சேர்க்க என் மனம் ஒப்பவில்லை. ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் நான் மட்டும் மிஞ்சினேன்.

தினமும் காலையில் முதல் ஆளாக வந்து, தொப்பியை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி உட்காருவேன். என் அலை ஒரு நாளும் முன்னே பின்னே போனதில்லை. அந்தப் பச்சைக் கோட்டுக்கு அறையில் இருந்தவர்கள் ‘ஐயா கோடு’ என்று பெயர் வைத்தார்கள். கிண்டலாகத்தான் வைத்தார்கள், எனக்குத் தெரியும். பிறகு கிண்டல் மறந்துபோய் அதுவே பெயராகிவிட்டது. ‘ஐயா கோட்டுக்கு மேல’ என்று அறிக்கையிலேயே எழுதத் தொடங்கினார்கள். நான் தடுக்கவில்லை.

வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் என் கோட்டுக்கு மேலேதான் இருந்தார்கள். எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. தெருவில் இறங்கி நடந்து பாருங்கள், உங்களுக்கே புரியும். ஒரு தையல்காரப் பெண்ணை அவள் கணவன் அழைத்துவந்தான். தலைவலி என்று வந்தவள், நாற்காலியில் உட்காரும்வரை வாய் ஓயாமல் பாடிக்கொண்டிருந்தாள். கோட்டுக்கு மிக மேலே இருந்தாள். எழுதி அனுப்பினேன். மேல்மாடியில் மாத்திரை கொடுத்தார்கள். அடுத்த முறை வந்தபோது கையை மடியில் வைத்துக்கொண்டு, கூப்பிட்டால் மட்டும் நிமிர்ந்து பார்த்தாள். கணவன் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னான். தலைவலி போயிற்றா என்று கேட்க எனக்கும் தோன்றவில்லை.

இனி என் மைத்துனனுக்கு வருகிறேன்.

சின்ன வயதில் வீட்டில் அவனுக்கு வைத்த பட்டப்பெயர் வாலு. முப்பது வயதாகி, கணிதத்தில் பெரிய படிப்பெல்லாம் படித்து முடித்த பிறகும் என் மனைவிக்கு அவன் வாலுதான். எங்கள் மருத்துவமனையில் அலைகளைக் கணக்குப் போட ஆள் வேண்டும் என்றபோது அவன் விண்ணப்பித்தான். அவனுக்கு வேலையும் ஆயிற்று, எங்கள் வீட்டு மாடி அறையும் ஆயிற்று. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்றாள் என் மனைவி. பால் யாருடையது என்று யாரும் கேட்கவில்லை.

மைத்துனன் கேலி செய்யலாம், அது உறவுக்குள்ள உரிமை, எனக்கும் தெரியும். ஆனால் உரிமை இருப்பவன் ஓய்வும் எடுக்க வேண்டும். இவன் எடுக்க மாட்டான். முதல் நாள் இரவுச் சாப்பாட்டிலேயே என்னைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அக்கா, அத்தான் சாப்பிடறத பாத்தியா? ஒவ்வொரு வாயும் ஃபைல்ல கையெழுத்துப் போடற மாதிரி இருக்கு. படிச்சுப் பாக்காம போட மாட்டேங்கறார்” என்றான்.

என் மனைவி சிரித்தாள். தண்ணீர் மூக்கில் ஏறி, இருமி, மறுபடி சிரித்தாள். அவளுக்கு அப்படிச் சிரிக்க வரும் என்று கல்யாணமாகி இத்தனை வருடத்தில் எனக்குத் தெரியாது. நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, முடியும்வரை காத்திருந்தேன். முடிய நேரமாயிற்று. இன்னும் கொஞ்சம் இருக்கிறது போல என்று நினைத்து மறுபடி கரண்டியை எடுக்காமலே இருந்தேன்.

அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். அவன் ஒன்று சொல்வான், அவள் அதைப் பிடித்து இன்னொன்று சொல்வாள், அதிலிருந்து அவன் சின்ன வயதுக் கதை ஒன்றுக்குத் தாவுவான், இருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். எதிலிருந்து எது வந்தது என்று என்னால் பின்தொடர முடியாது. என் வீட்டில், என் மேசையில், எனக்குத் தெரியாத மொழியில் இருவர் பேசுவதுபோல் இருக்கும். வெறுப்பு என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் வெறுப்பால் நான் எதையும் செய்யவில்லை. அளந்து பார்த்த பிறகுதான் செய்தேன்.

ஒரு நாள் காலை அவனாகவே நாற்காலியில் ஏறி, “நம்ம தலையையும் கொஞ்சம் பாருங்க அத்தான், உள்ள ஏதாவது இருக்கான்னு அக்கா கேட்டா சொல்லணும்ல” என்றான். பார்த்தேன். அவன் கோடு என் கோட்டுக்கு மிக மேலே இருந்தது. எந்த நேரத்தில் எது எங்கே போய் முட்டும் என்று தெரியாத தலை. வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், தம்பிக்குச் சின்ன வயதில் ஏதாவது உண்டா என்று கேட்டேன். காய்ச்சலில் ஒருமுறை ஃபிட்ஸ் வந்ததாகச் சொன்னாள். எனக்கு அது போதும். விளிம்பில் நிற்கிற பிள்ளை, ஏற்கெனவே ஒருமுறை உள்ளே எட்டிப் பார்த்தவன்.

எங்கள் வீட்டில் காலை டீ நான்தான் போடுவேன். பதிவின் நடுவே யாருக்காவது வலிப்பு வந்தால் கொடுக்க எங்கள் அறை அலமாரியில் ஒரு மருந்து இருக்கும். அந்த அலமாரிச் சாவி என் சட்டைப்பையில்தான். என்ன மருந்து, எவ்வளவு என்பதெல்லாம் உங்களிடம் இருக்கிற பரிசோதனை முடிவிலேயே இருக்கிறது. நான் கொஞ்சமாகத் தொடங்கி, இயந்திரத்தைச் சரிபார்க்க என்று சொல்லி அவ்வப்போது அவனை நாற்காலியில் உட்காரவைத்து, அவன் கோட்டைப் பார்த்துப் பார்த்துக் கூட்டினேன். கண்மூடித்தனமாகச் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவ்வளவு கவனமாக எந்த மருத்துவரும் அவனைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்.

“அத்தான் டீக்கு மட்டும் நான் அடிமை. மத்ததெல்லாம் விட்டுக்கொடுத்தாலும் இத விடமாட்டேன்” என்பான்.

மெல்ல மெல்ல மாறினான். முதலில் கேலி தாமதமாக வந்தது, பேச்சு வேறு பக்கம் போன பிறகு. என் மனைவி பாசத்துக்காகச் சிரித்து வைப்பாள். பிறகு பாதியில் நின்றான், “என்னவோ சொல்ல வந்தேன்” என்பான். ஃப்ரிட்ஜைத் திறந்துவிட்டு, எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் அதன் வெளிச்சத்தில் நின்றுகொண்டிருப்பான். அவனுக்குக் கணக்கு தப்ப ஆரம்பித்தது, நான் உட்கார்ந்து திருத்திக் கொடுத்தேன். அவன் நன்றி சொன்னான், கேலி சேர்க்காமல். இரவுச் சாப்பாடு அமைதியாக நடந்தது. கரண்டிச் சத்தம் மட்டும் கேட்கும். வீடு வீடாக இருந்தது. ஒரு காலையில் அவன் கோடு இறங்கி வந்து என் கோட்டின்மேல் ஒட்டிக்கொண்டது. எது அவனுடையது, எது என்னுடையது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்த நிமிடம் எனக்கு அவன்மேல் உண்மையாகவே பாசம் வந்தது. நீங்கள் முகத்தைச் சுளிக்கிறீர்கள். வந்தது என்றால் வந்தது.

அத்துடன் நின்றிருந்தால் இன்றைக்கு அவன் உயிரோடு இருப்பான். என் மனைவி நிற்கவிடவில்லை. ‘அவன் அவனாகவே இல்ல’ என்று நாள் முழுக்கப் புலம்பிவிட்டு, என்னிடம் சொல்லாமல் அவனை வேறொரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். அங்கே அலை எடுத்தார்கள், ரத்தமும் எடுத்தார்கள். ரத்த முடிவு வர நாளாகும் என்றார்கள். அலையைப் பார்த்துவிட்டு உடனே சொல்லிவிட்டார்களாம்: இது விழித்திருக்கிற ஆளின் மூளைபோல் இல்லை, பாதி மயக்கத்தில் இருக்கிற ஆளின் மூளை.

மந்தமாக இருந்தாலும் அவன் கணக்குப் படித்தவன். யோசித்திருக்கிறான். எவ்வளவு நேரம் பிடித்ததோ தெரியாது, ஆனால் போய்ச் சேர்ந்துவிட்டான். வியாழக்கிழமை மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தபோது, நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான். வார்த்தையை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துப் பேசினான்.

“அத்தான், ஐயா கோடு தப்பு.”

நான் எழுதிக்கொண்டிருந்த அறிக்கையை மூடி வைத்தேன்.

“என் கோடு உங்க கோட்டோட ஒட்டிடுச்சுல்ல. அதே கோட்டத்தான் அங்க பாத்துட்டு, பாதி மயக்கம்னு சொல்றாங்க. அப்ப உங்க கோடும் அதானே. இந்த ரூம்ல ஏதோ இருக்கு அத்தான். பேஸ்ட்டா, ஏசியா, என்னன்னு தெரியல. எனக்கு இப்பத்தான் புடிச்சிருக்கு. உங்களுக்கு ரொம்ப நாளாவே இருந்திருக்கு.”

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணலுக்குத் தான் கெடுகிறோம் என்றே தெரியவில்லை. டீயை அவன் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. நாங்கள் இருவரும் ஒரே நோயில் விழுந்துவிட்டோம் என்று நம்பினான்.

“இந்தக் கோட்ட வெச்சு எத்தன பேருக்கு மாத்திரை போயிருக்கு, யோசிச்சுப் பாருங்க. எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டுப் பாக்கணும். மேல சொல்லிடலாம். நீங்களே சொல்லுங்க, நான் கூட நிக்கறேன். யாரும் உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. உடம்பு சரியில்லாத ஆளு தெரியாம செஞ்சதுதான.”

பிறகு என் முழங்கையில் கையை வைத்தான். அதுவரை அவன் என்னைத் தொட்டதில்லை.

“அத்தான், இந்த ஒரு மாசமா நான் எப்படி இருந்தேன்னு எனக்குத் தெரியும். ஜோக்கு வாய் வரைக்கும் வரும், வெளிய வராது. அக்கா சிரிப்பா, எதுக்குச் சிரிக்கறான்னு புரியாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லாரும் இருக்கற மாதிரி இருக்கும். நீங்க இத்தன வருஷமா இப்படியேவா இருக்கீங்க?”

அவன் கண் கலங்கியிருந்தது. எனக்காக.

அந்தக் கேள்விக்காகத்தான் அவனைக் கொன்றேன் என்று எழுதப்போகிறீர்கள். தட்டச்சு செய்பவரின் விரலைப் பார்த்தாலே தெரிகிறது. அது தவறு. ஒரு நோயாளி, தன் நோயை அளவுகோலின்மேல் ஏற்றிப் பேசினான், ஊர் முழுக்கப் பரப்பவும் கிளம்பிவிட்டான். அமைதியாகிவிட்ட அத்தனை பேரையும் மறுபடி விளிம்புக்கு இழுத்துக்கொண்டு போகப் பார்த்தான். ஒரு பொறுப்பாளன் என்ன செய்ய வேண்டுமோ அதை நான் யோசித்தேன்.

“சரி. திங்கட்கிழமை காலைல முதல்ல உன்னோடத நம்ம மெஷின்ல முறைப்படி எடுப்போம். அப்புறம் நீ சொல்ற இடத்துக்கு நானும் வர்றேன்” என்றேன்.

அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். “பயப்படாதீங்க அத்தான், தலையில தொப்பிதான மாட்டறாங்க” என்றான். அந்த அறைக்குப் பொறுப்பாளனைப் பார்த்து.

முறைப்படி என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். வலிப்பு வருகிற மூளையா என்று தெரிந்துகொள்ள, முந்தின இரவு தூங்காமல் வரச் சொல்வோம். பிறகு கண்ணுக்கு முன்னால் விளக்கை விட்டு விட்டு மின்னச் செய்வோம். மூளையை வேண்டுமென்றே விளிம்புக்கு அழைத்துப் போய்ப் பார்ப்பது. பக்கத்தில் மருந்தும் ஆளும் இருப்பார்கள், ஒன்றும் ஆகாது. அந்த மருந்துக்குப் பழகியவர்களுக்கு இன்னொரு விதி உண்டு. திடீரென்று நிறுத்தக் கூடாது. நிறுத்தினால், அடக்கி வைத்த அத்தனையும் ஒரேயடியாக எழும். எல்லா நோயாளிக்கும் நாங்களே சொல்லி அனுப்புவோம்.

வெள்ளிக்கிழமைக் காலை டீயில் நான் எதுவும் கலக்கவில்லை. அதற்குப் பிறகும் கலக்கவில்லை. அந்த நாட்களில் நான் அவனுக்கு எதையும் கொடுக்கவில்லை என்பதை உங்கள் குற்றப்பத்திரிகையில் எங்காவது ஓர் ஓரத்திலாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவன் திரும்பி வந்தான். அப்படித்தான் என் மனைவி சொல்கிறாள், ‘என் தம்பி எனக்குத் திரும்பி வந்தான்’ என்று. சனிக்கிழமையே பேச்சு வேகமாயிற்று. கை நடுங்கியது, நெற்றியில் வியர்த்தது, டீத் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்தான். அவள் கவனிக்கவில்லை, சந்தோஷத்தில் இருந்தாள். நான் கவனித்தேன். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் அந்த மருத்துவமனைக் கதையைச் சொன்னான்.

“அந்த டாக்டர் என் கோட்டப் பாத்துட்டு, ‘பேஷண்ட் தூங்கிட்டாரா’ன்னு நர்ஸக் கேக்கறார். நான் ‘இல்ல சார், முழிச்சுத்தான் இருக்கேன்’னு சொல்றேன். அவர் என்னப் பாக்கவே இல்லக்கா. நர்ஸப் பாத்து, ‘தூக்கத்துல பேசறார், குறிச்சுக்கங்க’ங்கறார்.”

அவள் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு முடிகிற இடத்தில் அழுகையாக மாறியது, “டேய் வாலு, இனிமே இப்படிப் பயமுறுத்தாதடா” என்றாள். நானும் அன்றைக்குச் சிரித்ததாக உங்களிடம் சொல்லியிருக்கிறாளாம். நான் வாயைத் துடைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை மற்றவர்கள் வருமுன் இருவரும் போய்விட்டோம். அவன் தலையை நன்றாக அலசிக்கொண்டு வந்திருந்தான், எதையும் தடவவில்லை. என் அனுபவத்தில் அவ்வளவு சுத்தமான தலையை அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். பேஸ்ட் முதல் தொடுதலிலேயே ஒட்டியது. தூங்காத கண் சிவந்திருந்தது. விளக்கை அவன் முகத்துக்கு நேரே திருப்பினேன்.

“அத்தான், பாட்டு ஏதாவது போட்டா டான்ஸே ஆடலாம்” என்றான். அவன் கடைசியாகச் சொன்னது அதுதான். இதைவிட நல்லதாக ஒன்று அவனுக்குக் கிடைத்திருக்கலாம் என்று எனக்கே தோன்றியது.

விளக்கு மின்னத் தொடங்கியது. அவன் கோடு என் கோட்டைத் தாண்டி ஏறியது, போன மாதம் இருந்த இடத்தைத் தாண்டியும் ஏறியது. ஒரு மேசை கிசுகிசு, இரண்டு மேசை, ஒரு மாடி, பிறகு கட்டடம் முழுவதும். உடம்பு விறைத்து, வில்லாக வளைந்தது. அழைப்பு மணி என் கைக்கு எட்டுகிற தூரத்தில் சுவரில் இருந்தது. அலமாரிச் சாவி என் பையில் இருந்தது. நான் இருக்கையில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வலிப்பு ஓயுமுன் அடுத்தது வந்தது. ஆட்டத்தில் தொப்பியின் பொத்தான் ஒன்று கழன்றுவிட்டது, பதிவு கெட்டுப்போகிறது. எழுந்து போய் அதை மட்டும் மறுபடி ஒட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

அவன் கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்ததா என்று கேட்காதீர்கள், அந்த நிலையில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. அப்படித்தான் புத்தகத்தில் இருக்கிறது.

பிறகு கோடு இறங்கியது. இறங்கும்போது ஒரு கணம் என் கோட்டோடு பொருந்தி நின்றுவிட்டு, கீழே போயிற்று. அதற்குப் பிறகுதான் மணியை அடித்தேன்.

சின்ன வயதில் ஃபிட்ஸ் வந்த பையன், பாவம் என்றார்கள் எல்லோரும். என் மனைவியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நான்தான் எல்லாக் காரியங்களையும் பார்த்தேன். அவள் அழுதுகொண்டே இருந்தாள். நிற்கவே இல்லை. அவள் டீயிலும் கலக்கலாமா என்று யோசித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். யோசித்துக்கொண்டிருந்தபோதே அந்த வேறு மருத்துவமனையிலிருந்து அவளுக்குப் போன் வந்துவிட்டது. தம்பியின் ரத்தத்தில் யாரும் எழுதிக்கொடுக்காத மருந்து எப்படி வந்தது என்று கேட்டார்கள். அவள் போனை வைத்துவிட்டு அடுப்பின்மேல் இருந்த டீப் பாத்திரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. காலில் செருப்புகூட இல்லாமல் உங்கள் நிலையத்துக்கு நடந்து வந்திருக்கிறாள்.

இங்கே ஒரே ஒருமுறை வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று ஒரே பேச்சுதான் பேசினாள். “அவன் உங்களக் காட்டிக்குடுக்க வரலங்க. உங்களக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தான்.” என்னோடு அவனும் உள்ளே வருவதாகச் சொல்லி, அந்த மருத்துவமனையில் எனக்கு நேரம்கூடக் குறித்து வைத்திருந்தானாம். சொல்லிவிட்டு, நான் ஏதாவது சொல்வேன் என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நேரமாயிற்று என்று காவலர் வந்து அழைத்துப் போனார்.

ஆக, நான் தெரிந்தேதான் செய்தேன். ஒரு மாதம் மருந்து கொடுத்து அவனை மந்தமாக்கினேன். அவன் கண்டுபிடித்ததை வெளியே சொல்லப்போகிறான் என்றதும், மருந்தை நிறுத்தி, தூங்கவிடாமல் செய்து, விளக்கின் முன் உட்காரவைத்துக் கொன்றேன். கைதவறி நடந்தது எதுவும் இதில் இல்லை. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன முழம் என்ன, இப்படியே எழுதிக்கொள்ளுங்கள், ஒரு சொல்லையும் மாற்றச் சொல்ல மாட்டேன்.

என் வழக்கறிஞர் நேற்று வந்தார். நல்ல மனிதர், நிறையப் பேசுகிறார், கோட்டுக்கு மேலேதான் இருப்பார். வேறொரு மருத்துவமனையில் என் தலையை ஒருமுறை அளக்கச் சம்மதித்தால் போதும் என்கிறார். எண் அவர் நினைக்கிறபடி வந்தால் எனக்கே ஏதோ நோய் என்று வாதாடலாமாம், தண்டனை பாதியாகக் குறையுமாம். நீங்களும் அந்தச் சம்மதத் தாளைத்தான் கையில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து சுற்றி வருகிறீர்கள், நான் பார்க்காமல் இல்லை.

அதை எடுத்துக்கொண்டு போங்கள். கொலைகாரன் என்று எழுதிய தாளைக் கொண்டுவாருங்கள், படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போடுகிறேன். தொப்பியை மட்டும் என் தலையில் யாரும் மாட்ட வேண்டாம். அளவுகோலை யாரும் அளந்து பார்ப்பதில்லை.